திரும்பும்போது நின்றுபோன டிப்பர்: ஒரு ஆர்.சி. (ரிமோட்) டிரக்கின் கரன்ட் கோளாறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்வர்ட்டர், யூ.பி.எஸ். பழுது பார்ப்பது என் தொழில். ரிமோட் வண்டி என் மேசைக்கு வருவது எப்போதாவதுதான். வந்தால் மற்றதைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன். ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு இடத்துக்குள் பேட்டரி, மோட்டார் டிரைவ், ரெகுலேட்டர், ரேடியோ எல்லாம் இருக்கும். ஒன்றின் குறை இன்னொன்றின் குறையாக வேஷம் போடும். இந்த வண்டி என்னிடம் இரண்டு முறை வந்தது. முதல் முறை பாதிதான் சரி செய்து அனுப்பினேன். இதே மாதிரி வண்டியோடு அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று, இரண்டு முறையும் எடுத்த அளவுகளோடு முழுதாக எழுதி வைக்கிறேன்.

வண்டி பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரமும் இழுக்கும் மலையேற்ற வகை. 550 அளவு பிரஷ் மோட்டார், இரண்டு செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 5000 மில்லி ஆம்பியர் ஹவர். மேலே ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டிய டிப்பர் லாரி கேபின். கொண்டு வந்த பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். அவன் அப்பா டிப்பர் ஓட்டுகிறார். அந்த லாரியின் நிறம், முன்கண்ணாடிக்கு மேலே எழுதிய வாசகம், பம்பரில் இருக்கும் ஒடுக்கு வரை அப்படியே செய்திருந்தான். பார்த்ததுமே இந்த வண்டி ஓடியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"கேப்பர் மலையில செம்மண் மேட்டுல ஏத்துறேன்ணா. ஸ்டியரிங்கை முழுசா திருப்புனா பட்டுன்னு செத்துடுது. ரெண்டு செகண்ட்ல தானா உயிர் வந்துடுது" என்றான். அப்புறம் கிளம்பும்போது, "ஒருநாள் சில்வர் பீச்ல நேரா போகும்போதும் நின்னுச்சு" என்று சேர்த்துக்கொண்டான். முதல் வாக்கியத்தை ஜாப் கார்டில் எழுதினேன். இரண்டாவதை எழுதவில்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே மூன்று பொருட்களை மாற்றியிருந்தான். சிக்னல் கோளாறு என்று ஒருவர் சொல்லி டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் புதுசு. பேட்டரி வீக் என்று இன்னொருவர் சொல்லி அதுவும் புதுசு. கடைசியில் மோட்டாரும் புதுசு. கோளாறு மட்டும் பழசாகவே இருந்தது. சொன்னவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. யாரும் மீட்டரை வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எது எதோடு சேர்ந்து சாகிறது?

ரிமோட் டிரக் நின்றுபோனால் நான் கேட்கும் முதல் கேள்வி இது. பதில் மூன்று வகையாக வரும்.

மோட்டார் மட்டும் நின்று, ஸ்டியரிங் திரும்பிக்கொண்டே இருந்தால், இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தானாக மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. காரணம் சூடாக இருக்கலாம், பேட்டரி வோல்டேஜ் தாழ்ந்ததாகவும் இருக்கலாம். மோட்டாரும் ஸ்டியரிங்கும் சேர்ந்து நின்று, ரிசீவர் லைட் அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ரிசீவருக்குக் கரன்ட் வருகிறது, சிக்னல் வரவில்லை. லைட்டே அணைந்து, பிறகு முதலிலிருந்து எரிய ஆரம்பித்தால், ரிசீவருக்கு வரும் கரன்ட்டே ஒரு கணம் அறுந்திருக்கிறது. இந்த ஒரு கவனிப்பிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும். கருவி எதுவும் தேவையில்லை, கேபினைக் கழற்றி ரிசீவர் தெரிகிற மாதிரி ஓட்டிப் பார்த்தால் போதும்.

கடைக்கு வெளியே இரண்டு செங்கல்லை அடுக்கி ஏற்றச் சொன்னேன். முன்சக்கரம் செங்கல் இடுக்கில் மாட்டியது, பையன் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினான், வண்டி செத்தது. ரிசீவர் லைட் அணைந்தது. பிறகு இ.எஸ்.சி., ஸ்விட்ச் போட்டதும் பாடுமே, அதே மூன்று பீப் கேட்டது. ஆக இது மூன்றாவது வகை. புது ரேடியோவுக்குக் கொடுத்த பணம் வீண் என்பது அந்தப் பீப்பிலேயே தெரிந்துவிட்டது.

இங்கே பி.இ.சி. பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு செல் லிபோ முழுதாக ஏறியிருந்தால் 8.4 வோல்ட். சாதாரண ரிசீவரும், ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவும் கேட்பது 5 அல்லது 6. அந்தக் காலத்தில் இதற்காக நான்கு பென்சில் செல்லைத் தனியாக வண்டியில் வைப்பார்கள். அந்தத் தனிப் பேட்டரியைத் தேவையில்லாமல் செய்த சுற்று என்பதால் அதற்குப் பேட்டரி எலிமினேட்டர் சர்க்யூட் என்று பெயர் வந்தது; சுருக்கமாக பி.இ.சி. இப்போது அது இ.எஸ்.சி.க்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று ஒரு ஆம்பியர் எல்லை உண்டு. இ.எஸ்.சி. அட்டையில் 60 ஆம்பியர் என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது மோட்டாருக்கு. பி.இ.சி.யின் எல்லை பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இந்த வண்டியில் 6 வோல்ட், 3 ஆம்பியர்.

பழைய லீனியர் வகை பி.இ.சி.யாக இருந்தால் இன்னும் மோசம். மிச்ச வோல்டேஜை அது சூடாகத்தான் கழிக்கும். 8.4 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்து 2 ஆம்பியர் கொடுத்தால் 6.8 வாட் சூடு. மூன்று செல் பேட்டரிக்குப் போனால் அதே 2 ஆம்பியருக்கு 15 வாட்டைத் தாண்டும். தீப்பெட்டி அளவு பெட்டிக்கு அது தாங்காது. வேகத்துக்காக மூன்று செல் போட்டவர்களின் வண்டியில் ஸ்டியரிங் முதலில் மடிவதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

"நிக்க ஆரம்பிச்சதுக்கு முந்தின வாரம் எதைத் தம்பி மாத்துன?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சர்வோண்ணா. பழசுல பல்லு போச்சு. 25 கிலோ இழுவை சர்வோ போட்டேன்" என்றான்.

முதல் அளவு

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனைக் கழற்றிவிட்டேன். மோட்டார் சுற்றினாலும் சக்கரம் சுற்றாது. மேசையில் வண்டி பாயாது. பேட்டரி ஓய்வில் 8.31 வோல்ட். ரிசீவரின் காலி சேனலில் மீட்டர் வைத்தால் 5.98. ஸ்டியரிங்கைச் சும்மா இடது வலது ஆட்டினால் 5.8. முன்சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பச் சொன்னேன். மீட்டர் 5.1 காட்டியது, வண்டி செத்தது.

5.1 வோல்ட்டில் எந்த ரிசீவரும் சாகாது. சாதா மல்டிமீட்டர் ஒரு செகண்டில் இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். இடையில் விழுந்து எழுந்ததெல்லாம் அதில் தெரியாது. வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்தேன். 6 வோல்ட் கோடு நேராக வந்து, சக்கரம் மாட்டிய கணத்தில் 2.8க்கு விழுந்தது. சுமார் 40 மில்லிசெகண்ட் அங்கேயே கிடந்து பிறகு ஏறியது. கரன்ட்டையும் பார்த்தேன்: சர்வோ முட்டிக்கொண்டு நிற்கும்போது 3.4 ஆம்பியர். 3 ஆம்பியர் பி.இ.சி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து, மறுபடி எழுந்திருக்கிறது.

இதற்கு ரிசீவரில் ஒரு பெரிய கெபாசிட்டரைச் செருகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். நானும் 4700 மைக்ரோஃபாரட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பலன் இல்லை. கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது: பி.இ.சி. அணைந்த பிறகு 3.4 ஆம்பியரை அந்தக் கெபாசிட்டர் தனியாகக் கொடுத்தால், 6லிருந்து 3.5 வோல்ட்டுக்கு இறங்க மூன்றரை மில்லிசெகண்ட் போதும். நமக்குத் தாண்ட வேண்டியது 40. ஒரு சின்னச் சிணுங்கலை அது மறைக்கும், இந்தப் பள்ளத்தை மூடாது.

தனியாக ஒரு 10 ஆம்பியர் ஸ்விட்சிங் பி.இ.சி. போட்டேன். சர்வோவின் சிவப்பு ஒயரை ரிசீவரிலிருந்து பிரித்து நேராகப் புது பி.இ.சி.யில் கொடுத்தேன். சிக்னல் ஒயர் மட்டும் ரிசீவரிலிருந்து. கறுப்பு ஒயர் எல்லாவற்றுக்கும் பொது. ரிசீவருக்கு மட்டும் பழைய பி.இ.சி. இரண்டு பி.இ.சி.களின் சிவப்பு ஒயர்கள் எங்கேயும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் ஒன்றின் வோல்டேஜ் மற்றதுக்குள் தள்ளும். கறுப்பு பொதுவாக இல்லாவிட்டால் சர்வோவுக்கு சிக்னலே புரியாது, கிறுக்குப் பிடித்த மாதிரி நடுங்கும்.

பிரித்த கையோடு ஆன்டெனாவையும் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் ஒயரின் நுனியில் உறை உரிந்த 31 மில்லிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா, கால் அலைநீளம். இந்த வண்டியில் அது பேட்டரிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டு நிமிர்த்தி வைத்தேன்.

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருபது தடவை திருப்பினோம். ரிசீவரில் 5.96, ஸ்கோப்பில் நேர்கோடு. பையன் சந்தோஷமாகக் கிளம்பினான்.

இரண்டாம் வரவு

ஒன்பது நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பையனோடு அவன் அப்பாவும் வந்தார். "மறுபடி நிக்குதுண்ணா" என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

இந்த முறை அவனே கவனித்து வைத்திருந்தான். "லைட்டு அணையல. ஸ்டியரிங் திரும்புது. மோட்டார் மட்டும் நிக்குது. டிரிக்கரை விட்டு மறுபடி அமுத்துனா போகுது." தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில், அதாவது அதே சில்வர் பீச்சில், நேராக, முழு வேகத்தில். அவன் முதல் நாள் சொல்லி நான் எழுதாமல் விட்ட அதே வாக்கியம். இரண்டு கோளாறு ஒரே வண்டியில் இருந்திருக்கிறது. மேட்டில் இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றாகத் தெரிந்தது. மணலில் இரண்டாவது மட்டும் தனியாக வந்தது. நான் பினியனைக் கழற்றிவிட்டுச் சோதித்ததால் மோட்டாருக்கு லோடே இல்லை. பாதுகாப்புக்குச் செய்த காரியம் இரண்டாவதை என் கண்ணுக்கு மறைத்துவிட்டது.

இப்போது இது முதல் வகை. பேட்டரி தாழ்ந்துவிட்டது என்று இ.எஸ்.சி. நினைக்கிறது. லிபோவைக் காப்பாற்ற ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட், இரண்டுக்கு 6.4 என்று அதில் எல்லை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும். ஆனால் பையன் பேட்டரியைக் கழற்றி அளந்தபோது 7.9 இருந்ததாம். கூடப் படிக்கும் ஒருவன், இ.எஸ்.சி.யை நிக்கல் பேட்டரி செட்டிங்கில் வைத்துவிட்டால் இந்த எல்லையே இருக்காது என்று யோசனை சொல்லியிருக்கிறான். தயவு செய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கெட்டு உப்பும். உப்பிய லிபோவை அடுத்த தடவை சார்ஜ் போடும்போது தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. அது பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நடக்கும்.

வண்டியின் பின்பக்கத்தைக் கயிற்றால் மேசையின் இரும்புக் காலில் கட்டி, டயருக்கு அடியில் தேங்காய் நார் மிதியடியைப் போட்டேன். முன்னால் போகப் பார்க்கும், போக முடியாது. மோட்டாருக்கு நல்ல லோடு. இரண்டு செகண்டுக்கு மேல் அமுக்கக் கூடாது, பிரஷ் கருகிவிடும். நான் மீட்டர் ஒயர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது பையன் மூன்று நாலு தடவை அமுக்கிக் காட்டினான்.

அவன் அப்பா குனிந்து பேட்டரி பிளக்கைத் தொட்டார். உடனே கையை எடுத்தார்.

"ஏன் தம்பி, இது இவ்வளவு சுடலாமா? லாரியில செல்ப் இழுக்கலன்னா நாங்க பேட்டரியை மாத்த மாட்டோம். மொதல்ல டெர்மினலைத் தொட்டுப் பாப்போம். சுட்டா அங்கதான் கோளாறு."

நான் மீட்டரை வைப்பதற்கு முன்பே அவர் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் அளந்தேன். லிபோவில் பேலன்ஸ் பிளக் என்று ஒரு சின்ன பிளக் உண்டு. மோட்டார் கரன்ட் அந்த ஒயர்களில் ஓடுவதில்லை. அதனால் அதன் இரண்டு ஓர முனைகளில் மீட்டர் வைத்தால் லோடு நேரத்திலும் செல்களின் உண்மையான வோல்டேஜ் தெரியும். அங்கே 7.4. அதே நேரம் இ.எஸ்.சி.யின் வாசலில் 6.1. கிளாம்ப் மீட்டரில் 40 ஆம்பியர். பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் இடையே 1.3 வோல்ட் காணாமல் போகிறது. 40 ஆம்பியரோடு பெருக்கினால் 52 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சக்தி அந்த பிளக்குக்குள் சூடாகிக்கொண்டிருந்தது. தடையாகச் சொன்னால் 32 மில்லி ஓம். சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்திருந்தால் நல்ல ஒயர் என்றுதான் காட்டியிருக்கும், ஏனென்றால் அதன் சொந்த ஒயர்களின் தடையே இதைவிட அதிகம். பேட்டரி மேல் பழி இல்லை: 7.9லிருந்து 7.4க்கு இறங்கியது அதன் உள் தடைக்குச் சரியான இறக்கம்தான்.

எந்தப் பக்கம் என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை பிளக்குக்கு முன்னும் மறு முனையை பின்னும் வைத்து அமுக்கச் சொன்னேன். கறுப்பு ஒயரில் 0.06 வோல்ட். சிவப்பு ஒயரில் 1.24.

ஹீட் ஷ்ரிங்க் டியூபைக் கீறினேன். சிவப்பு ஒயரின் செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகப் பொடிந்து வந்தன. பாதி இழைகள் அறுந்தே போயிருந்தன. அலை ஓரத்தில் ஓட்டியிருக்கிறான், தண்ணீர் தெறித்திருக்கிறது. "வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்குண்ணா" என்றான். போட்டிருப்பது உண்மைதான். இ.எஸ்.சி. பெட்டிக்குள் கோட்டிங் இருக்கிறது, பிளக்கில் எதுவும் இல்லை. கரன்ட் இருக்கும்போது பிளக்கில் உப்புத் தண்ணீர் பட்டால் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே தண்ணீர் வழியே கரன்ட் கசியும், நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரையும். பள்ளிக்கூடத்தில் செய்து காட்டும் மின்னாற்பகுப்புதான் இது. சிவப்பு மட்டும் கெட்டதற்கு அதுதான் காரணம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு மாதக் கணக்கில் உப்பு ஏறிய இன்வர்ட்டர் போர்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பின் குணத்தை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே தண்ணீராகும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் அது தாண்டும். மத்தியானம் துடைத்து வைத்த மாதிரி தெரியும் ஒயர், ராத்திரி உறைக்குள் மறுபடி நனையும். கடலுக்குப் போனது ஒரு நாளாக இருந்தாலும் அரிப்பு தினமும் நடக்கும். அதனால் வெயிலில் காய வைத்தால் மட்டும் போதாது, உப்பைக் கழுவி எடுக்க வேண்டும். கடலோர போர் தண்ணீரே உப்புக் கரிப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவி, ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் விட்டால் சரியாகிவிடும்.

சிவப்பு ஒயரைப் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். நாலு சென்டிமீட்டர் போயிற்று. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. எவ்வளவு ஃப்ளக்ஸ் போட்டாலும் உருண்டையாக மேலே நிற்கும், ஒட்டிய மாதிரி ஏமாற்றும். பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் எக்ஸ்.டி.60 வகை பிளக் வைத்தேன். பேட்டரிப் பக்கம் வேலை செய்யும்போது ஒரு ஒயரை முழுதாக முடித்து மூடிய பிறகுதான் அடுத்ததை வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே கத்தரியில் வெட்டினால் அந்த இடத்திலேயே ஷார்ட்.

மறுபடி கயிறு, மிதியடி, இரண்டு செகண்ட். அதே 40 ஆம்பியரில் இரண்டு ஒயர்களும் சேர்த்து 0.05 வோல்ட். இ.எஸ்.சி. வாசலில் 7.3. அப்பா பிளக்கைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியாகச் சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்தோம். மோட்டார் உடனே நின்றது. இந்த ஃபெயில்சேஃப் சோதனையைச் செய்யாமல் நான் எந்த வண்டியையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

அடுத்த வாரம் மூவருமாகக் கேப்பர் மலைக்குப் போனோம். மழைத் தண்ணீர் அறுத்த செம்மண் ஓடையில் குட்டி டிப்பர் ஒரு பேட்டரி முழுக்க ஏறி இறங்கியது. கல் இடுக்கில் சக்கரம் மாட்டியபோதெல்லாம் சர்வோ முனகியது, ஆனால் நிற்கவில்லை. ஆறு வாரம் கழித்து பிளக்கைத் திரும்பவும் அளந்தேன். 0.05தான்.

அன்று வந்த பையன் என் மீட்டரை ஒரு சாயங்காலத்துக்குக் கடனாக வாங்கிப் போனான். அப்பாவின் லாரியில் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வைத்து, செல்ப் அடிக்கச் சொல்லி அளந்தானாம். 1.1 வோல்ட். காலையில் கொஞ்ச நாளாகவே செல்ப் சோம்பலாக இழுத்துக்கொண்டிருந்ததாம். மறுநாள் எர்த் கேபிளை மாற்றிவிட்டு, அரித்துப்போன பழைய கேபிளை மீட்டரோடு கொண்டு வந்து என் மேசையில் வைத்தான்.